புதுவெட்டு: பழைய கிரேக்கர்கள் புதுமையை எப்படிப் பார்த்தார்கள்?

ஏதென்ஸுக்குத் தென்கிழக்கே, கடலோரக் குன்றுகளுக்கு அடியில் லௌரியோன் வெள்ளிச் சுரங்கங்கள் இருந்தன. நகரத்தின் நாணயத்துக்கு வெள்ளி அங்கிருந்துதான் வந்தது. பாறையைக் குடைந்து போன வழிகள் பலவற்றில் ஆள் நிமிர முடியாது. குந்தியும் தவழ்ந்தும்தான் வேலை நடக்கும். உளியும் சுத்தியலும் பிடித்தவர்கள் பெரும்பாலும் அடிமைகள். வெளிச்சத்துக்குச் சிறிய எண்ணெய் விளக்கு. சுரங்கத்தைக் குத்தகைக்கு எடுத்தவரின் கவலை வேறு மாதிரியானது. ஏற்கெனவே தாது கிடைத்துவந்த குழி என்றால் ஓரளவு நிம்மதி. யாரும் தொடாத பாறையில் புதிதாக வெட்ட இறங்கியவருக்கு இரவில் தூக்கம் வராது. உள்ளே வெள்ளி இருக்கலாம், வெறும் கல்லாகவும் இருக்கலாம்.

இப்படிப் புதிதாக வெட்டும் வேலைக்குக் கிரேக்க மொழியில் ‘கைனோடோமியா’ என்று பெயர். ‘கைனோஸ்’ என்றால் புதியது, ‘டோமே’ என்றால் வெட்டு. தமிழில் புதுவெட்டு என்று சொல்லிக்கொள்ளலாம். இன்றைய கிரேக்க மொழியில் ‘புத்தாக்கம்’ என்ற பொருளில் புழங்குவதும் இதே சொல்தான். ஆனால் பழைய ஏதென்ஸில், சுரங்கத்துக்கு வெளியே இந்தச் சொல் வந்தால் பெரும்பாலும் அதில் குற்றச்சாட்டின் வாடை அடிக்கும். ஒருவன் நகரத்து வழக்கங்களில் புதுவெட்டு வெட்டுகிறான் என்றால், இருக்கிற ஒழுங்கைக் குலைக்கிறான் என்று அர்த்தம்.

நாடகத்தையும் மக்களாட்சியையும் தத்துவத்தையும் தொடங்கிவைத்தவர்கள் என்று நாம் கொண்டாடும் மக்களிடம் புதுமை ஏன் வசைச்சொல் போல ஒலித்தது? அவர்கள் புதுமை விரும்பிகள் என்று நிறுவ மேற்கோள்கள் ஏராளம் கிடைக்கும். பழமைவாதிகள் என்று நிறுவவும் அதே அளவு கிடைக்கும். இரண்டு கட்சிக்கும் நடுவே நின்று படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: புதியது நல்லதா கெட்டதா என்று பொத்தாம்பொதுவாக அவர்கள் அதிகம் கேட்டுக்கொள்ளவில்லை. வெட்டிய இடத்தில் வெள்ளி இல்லாவிட்டால் நட்டம் யார் தலையில் விழும் என்று கேட்டார்கள்.

சுரங்கத்தை வைத்தே இதை நேரடியாகக் கேட்டவர் செனஃபோன். சாக்ரடீஸோடு பழகியவர், கூலிப்படையோடு பாரசீகப் பேரரசுக்குள் போய் உயிரோடு திரும்பியவர், குதிரையேற்றம் முதல் வீட்டு நிர்வாகம் வரை எதைப் பற்றியும் எழுதியவர். கி.மு. 355 வாக்கில், போரில் தோற்றுக் கஜானா வறண்டிருந்த ஏதென்ஸுக்கு வருமானம் பெருக்கும் வழிகளைச் சொல்லி ஒரு சிறு நூல் எழுதினார். முன்பு போல இப்போது ஏன் யாரும் புதுவெட்டில் இறங்குவதில்லை என்று அதில் கேட்கிறார். பதிலும் அவரே சொல்கிறார்: சுரங்கக்காரர்களிடம் முன்னைப் போலக் கையில் காசு இல்லை. நல்ல தாது கண்டவன் பணக்காரன் ஆவான். காணாதவன் போட்ட முதல் முழுவதையும் இழப்பான். இந்த நிலையில் யார் துணிவார்கள்?

அவர் சொல்லும் வழி இன்றைக்கும் நம்மை நிமிர்ந்து உட்காரவைக்கும். ஏதென்ஸ் குடிமக்கள் பத்துக் குலங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். பத்துக் குலங்களுக்கும் நகரமே சம எண்ணிக்கையில் அடிமைகளைக் கொடுக்கட்டும். பத்தும் பத்து இடத்தில் வெட்டட்டும். கிடைப்பதை எல்லோரும் பகிர்ந்துகொள்ளட்டும். ஒரு குலத்துக்கு வெள்ளி கிடைத்தாலே பத்துக்கும் ஆதாயம். இரண்டு, மூன்று, நான்கு என்று கிடைத்தால் கேட்கவே வேண்டாம். பத்தும் ஒருசேரத் தோற்கும் என்பது இதுவரை நடந்ததை வைத்துப் பார்த்தால் நம்பக்கூடியதே இல்லை என்கிறார். தனியாட்களும் இப்படிக் கூட்டுச் சேரலாம் என்று யோசனை சொல்கிறார். நட்டத்தைப் பங்குபோட்டால் துணிச்சல் வரும் என்பதை இவ்வளவு தெளிவாக எழுதிய மனிதர், இந்தத் துணிச்சலுக்கெல்லாம் உண்மையில் தோள் கொடுத்த அடிமைகளின் நட்டத்தை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. அவர்கள் அவருக்கு முதலீடு.

இன்னொரு சாட்சி, இதற்குச் சில பத்தாண்டுகள் கழித்துப் பேசிய ஹைப்பெரைடிஸ் என்ற நீதிமன்றப் பேச்சாளர். எபிக்ரட்டீஸ் என்பவர் மூன்று ஆண்டுகளாக நடத்திவந்த சுரங்கம் எல்லை மீறி வெட்டப்பட்டது என்று ஒருவன் வழக்குத் தொடுத்தான். வென்றால் நகரத்துக்கு 300 டாலந்து வெள்ளி என்ற பெருந்தொகை கிடைக்கும் என்று ஆசை காட்டினான். நடுவர்கள் மயங்கவில்லை, சுரங்கம் சட்டப்படியானதே என்று தீர்ப்பளித்தார்கள். அதன் பிறகுதான், முன்பு பயந்து கைவிடப்பட்டிருந்த புதுவெட்டுகள் மறுபடி நடக்கின்றன என்கிறார் ஹைப்பெரைடிஸ். பாறை தந்த பயம் மட்டும் இல்லை அது. வெள்ளி கிடைத்த மறுநாளே பொய் வழக்கோடு வாசலில் வந்து நிற்பவன் தந்த பயமும் சேர்ந்தது.

சுரங்கத்தை விட்டு வெளியே வருவோம். ‘புதிய’ என்பதற்குக் கிரேக்கர்களிடம் இரண்டு முக்கியமான சொற்கள் இருந்தன. ‘நேயோஸ்’ என்பது இளையது, அண்மையில் வந்தது: பிறை நிலவு, இந்த ஆண்டு பிழிந்த மது, மீசை அரும்பும் பையன். ‘கைனோஸ்’ என்பது இதுவரை இல்லாதது, கண்டு கேட்டிராதது. ஒன்றின் இடத்தில் மற்றொன்று வருவதும் உண்டு. வேலி கறாரானது இல்லை. இளமையைக் குறித்த அந்த அப்பாவிச் சொல்லிலிருந்தே கலகத்துக்கான சொல்லும் பிறந்தது. ‘இன்னும் புதிதாக்குதல்’ என்று பொருள்படும் வினைச்சொல்லை வரலாற்றாசிரியர் தூசிடிடிஸ் ஆட்சியைக் கவிழ்க்கும் முயற்சிகளுக்குப் பயன்படுத்துகிறார். ‘புதிய காரியங்கள்’ என்றாலே புரட்சி. ரோமானியர்களும் லத்தீனில் இதே வழக்கை வைத்துக்கொண்டார்கள். ‘இவருக்குப் புதிய காரியங்களில் ஆர்வம் அதிகம்’ என்று இன்று மேடையில் ஒருவரை அறிமுகப்படுத்தினால் கைதட்டுவோம். அன்று அவருக்குப் பின்னால் ஆள் போட்டிருப்பார்கள்.

பாட்டில் நிலைமை வேறு. ஹோமரின் ஒடிசியில், வீட்டுக் கூடத்தில் பாணன் ஒருவன் டிராய் போரிலிருந்து கிரேக்கர்கள் துன்பப்பட்டுத் திரும்பிய கதையைப் பாடுகிறான். கணவன் இன்னும் திரும்பாத பெனிலோபி தாங்க முடியாமல் படியிறங்கி வந்து, வேறு பாட்டுப் பாடச் சொல்கிறாள். மகன் டெலிமாக்கஸ் தடுக்கிறான். கேட்பவர் காதுக்கு எது மிகப் புதிதாக வருகிறதோ அந்தப் பாட்டைத்தான் மனிதர்கள் அதிகம் புகழ்கிறார்கள், பாணனைக் குறை சொல்லாதே என்கிறான். நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கிரேக்க நூல்களில் ஒன்றிலேயே புதுமைக்கு இப்படி ஒரு வக்காலத்து இருக்கிறது. பாட்டுப் பிடிக்காவிட்டால் போவது ஒரு மாலைப்பொழுதுதானே.

அப்படி இல்லை என்றார் பிளேட்டோ. ‘குடியரசு’ நூலில் டெலிமாக்கஸின் அதே வரியை எடுத்துவைத்து, இதைப் புதிய பாட்டு என்று புரிந்துகொள்ளுங்கள், புதிய பாடுமுறை என்று புரிந்துகொள்ளாதீர்கள் என்று எச்சரிக்கிறார். இசையின் முறை மாறினால் நகரத்தின் மிகப் பெரிய சட்டங்களும் ஆட்டம் காணும் என்பது அவர் வாதம். முதுமையில் எழுதிய ‘சட்டங்கள்’ நூலில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். எகிப்தில் பத்தாயிரம் ஆண்டுகளாக ஓவியமும் சிற்பமும் மாறவில்லை என்று மெச்சுகிறார்; பத்தாயிரம் என்பது பேச்சுக்குச் சொன்னது இல்லை, உண்மையாகவே பத்தாயிரம் என்று அழுத்தியும் சொல்கிறார். சிறுவர் விளையாட்டைக்கூட மாற்றக் கூடாதாம். புது விளையாட்டு ஆடிய பிள்ளைகள் வேறு மாதிரி மனிதர்களாக வளர்ந்து வேறு மாதிரிச் சட்டம் கேட்பார்கள். பம்பரத்தில் தொடங்கி நாடாளுமன்றத்தில் முடியும் என்பது போன்ற பயம் இது. சிரிப்பு வருகிறது, ஆனால் நட்டக் கணக்கை அவர் போல நீளமாகப் போட்டவர் வேறு யாரும் இல்லை.

பிளேட்டோ யாரை மனத்தில் வைத்து இப்படிக் கவலைப்பட்டார் என்று ஊகிப்பது கடினம் இல்லை. அவர் இளைஞராக இருந்தபோது மிலேட்டஸ் ஊரைச் சேர்ந்த டிமோத்தியஸ் என்ற பாடகர் கிரேக்க உலகைக் கலக்கிக்கொண்டிருந்தார். ‘பழையவற்றை நான் பாடுவதில்லை. என் புதியவையே மேல். இப்போது ஆள்வது இளைய சீயஸ். குரோனோஸ் ஆண்டது அந்தக் காலம். பழைய கலைத் தேவி போய்விடட்டும்’ என்று பாடியவர் அவர். சீயஸ் கடவுளரின் அரசன்; குரோனோஸ் அவனால் வீழ்த்தப்பட்ட தந்தை. ஏழு தந்திகள் வழக்கமாக இருந்த யாழில் அவர் தந்திகளைக் கூட்டினார். ஸ்பார்ட்டாவில் போட்டிக்குப் போனபோது அதிகாரி ஒருவர் கத்தியோடு வந்து, ‘ஏழுக்கு மேல் உள்ளதை எந்தப் பக்கத்திலிருந்து அறுக்கட்டும்?’ என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, ஸ்பார்ட்டாக்காரர்கள் தன்னைப் புதுமைக்காரன் என்று வசைபாடுவதாக டிமோத்தியஸே பாட்டில் புலம்பியிருக்கிறார். புலம்பிவிட்டு அவர் செய்வதுதான் வேடிக்கை. புராணப் பாடகன் ஆர்ஃபியஸ் யாழைத் தந்தான், பிறகு பழைய இசைக்கலைஞர் டெர்பாண்டர் வந்தார், இப்போது நான் என்று ஒரு குருபரம்பரை சொல்கிறார். பழையதைத் துரத்தியவருக்கும் பழையதன் சான்றிதழ் தேவைப்பட்டது. ஓரிரு நூற்றாண்டு கழிந்ததும் ஆர்க்கேடியாவில் சிறுவர்கள் சட்டப்படி பாரம்பரிய இசை கற்றார்கள் என்று வரலாற்றாசிரியர் பாலிபியஸ் எழுதுகிறார். அந்தப் பாடத்தில் இருந்த பெயர்களில் ஒன்று டிமோத்தியஸ்.

சட்டத்துக்கு வந்தால் கிரேக்கர்களின் கை இறுகிவிடும். கி.மு. 353இல் ஏதென்ஸ் நீதிமன்றத்தில், அவசரமாகச் சட்டம் கொண்டுவந்த ஒருவருக்கு எதிராக எழுதிய உரையில் பேச்சாளர் டெமாஸ்தெனிஸ் லோக்ரி நகரத்தைப் பற்றி ஒரு கதை சொல்கிறார். அங்கே புதுச் சட்டம் முன்மொழிய விரும்புகிறவன் கழுத்தில் சுருக்குக் கயிற்றை மாட்டிக்கொண்டுதான் பேச வேண்டும். சட்டம் நல்லது என்று மக்கள் ஏற்றால் உயிரோடு போகலாம். இல்லையென்றால் அங்கேயே கயிறு இறுக்கப்படும். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த ஊரில் ஒரே ஒரு புதுச் சட்டம்தான் நிறைவேறியதாம். கண்ணைக் குத்தியவன் பதிலுக்குத் தன் கண்ணைத் தர வேண்டும் என்பது பழைய சட்டம். ஒற்றைக் கண்ணன் ஒருவனை அவன் எதிரி மிரட்டினான்: உன் ஒரு கண்ணைக் குத்துவேன், பதிலுக்கு என் ஒரு கண் போகட்டும். இவனுக்கு உலகமே இருண்டுவிடும்; அவனுக்குப் பாதி வெளிச்சம் மிஞ்சும். ஒற்றைக் கண்ணன் கயிற்றை மாட்டிக்கொண்டு எழுந்தான். ஒற்றைக் கண்ணனின் கண்ணைப் பறித்தவனுக்கு இரண்டு கண்ணும் போக வேண்டும் என்றான். மக்கள் ஏற்றார்கள். கண் போனால் உயிர் எதற்கு என்ற நிலைக்கு வந்தவன் மட்டுமே அந்த ஊரில் சட்டம் மாற்றத் துணிந்தான்.

இது கோமாளித்தனமாகத் தெரிந்தால், ஏதென்ஸின் ஏற்பாட்டையும் பாருங்கள். பேரவையில் சட்டத்துக்கு முரணான தீர்மானம் கொண்டுவந்தார் என்று முன்மொழிந்தவர் மீதே வழக்குப் போடலாம். தோற்றால் அபராதம் அவர் பையிலிருந்து. கயிறு கொஞ்சம் தளர்ந்திருந்தது, அவ்வளவே.

நேர் எதிராக யோசித்தவர் ஹிப்போடாமஸ். பிரேயஸ் துறைமுக நகரத்தின் தெருக்களை வகுத்தவர். நீண்ட கூந்தல், விலையுயர்ந்த அணிகள், அதோடு மலிவான ஆனால் கதகதப்பான துணி, அதையும் கோடையில்கூட அணிந்து திரிந்தவர் என்று அரிஸ்டாட்டில் ஒரு வம்புக்காரரின் ருசியோடு வர்ணிக்கிறார். நகரத்துக்கு நன்மை தரும் ஒன்றைக் கண்டுபிடிப்பவருக்குக் கௌரவம் தர வேண்டும் என்பது ஹிப்போடாமஸின் திட்டம். அரிஸ்டாட்டில் இதைக் கையில் எடுத்துக்கொண்டு பண்ணும் விசாரணைதான், இந்தப் பொருளில் கிரேக்கர்கள் எழுதியவற்றில் எனக்கு மிகவும் நேர்மையாகப் படுவது. முதலில் மாற்றத்தின் பக்கம் பேசுகிறார். மருத்துவம் முன்னோர் முறையை விட்டு விலகித்தான் வளர்ந்தது, உடற்பயிற்சியும் அப்படியே. அரசியலும் ஒரு கலைதான் என்றால் அது மட்டும் ஏன் மாறக் கூடாது? பழைய கிரேக்கர்கள் எப்போதும் ஆயுதம் தரித்துத் திரிந்தார்கள், ஒருவரிடமிருந்து ஒருவர் மனைவியை விலைக்கு வாங்கினார்கள். அதையெல்லாம் கட்டிக்காக்க வேண்டுமா? மனிதர்கள் தேடுவது முன்னோர் வைத்ததை இல்லை, நல்லதை என்கிறார்.

அடுத்த மூச்சில் பிரேக் போடுகிறார். மருந்தை மாற்றுவதும் சட்டத்தை மாற்றுவதும் ஒன்றல்ல. மருந்து தன் குணத்தால் வேலை செய்கிறது. சட்டத்துக்கு மக்களைப் பணியவைக்கும் பலம் பழக்கம் ஒன்றிலிருந்துதான் வருகிறது. பழக்கம் ஊறக் காலம் வேண்டும். அடிக்கடி மாற்றினால், புதுச் சட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சட்டத்துக்குப் பணியும் வழக்கமே தேய்ந்துவிடும். ஆகையால் சிறு குறைகளைப் பொறுத்துப்போவதே லாபம். ஹிப்போடாமஸின் பரிசுத் திட்டம் கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் பொய் வழக்குகளுக்கும் ஆட்சிக் குழப்பத்துக்கும் வழிவிடும் என்றும் சொல்கிறார்.

நட்டம் ஊருக்கே என்றாகும்போது, மாற்றம் வேண்டும் என்பவர் என்னதான் செய்வது? பழைய துணியைப் போர்த்திக்கொண்டு வர வேண்டியதுதான். இதை நாடகாசிரியர் அரிஸ்டோஃபனிஸ் போலக் கிண்டல் செய்தவர் கிடையாது. கி.மு. 391 வாக்கில் அரங்கேறிய நகைச்சுவை நாடகம் ஒன்றில், பெண்கள் ஆண் வேடமிட்டுப் பேரவைக்குள் புகுந்து ஆட்சியையே கைப்பற்றுகிறார்கள். தலைவி பிராக்சகோரா அதற்குச் சொல்லும் நியாயத்தைக் கேளுங்கள். ஆண்கள் ஓயாமல் புதிது புதிதாக எதையாவது செய்து ஊரைக் கெடுக்கிறார்கள். பெண்கள் கம்பளியை வெந்நீரில் தோய்க்கிறார்கள், முன்பு போலவே. உட்கார்ந்து வறுக்கிறார்கள், முன்பு போலவே. தலையில் சுமக்கிறார்கள், முன்பு போலவே. பணியாரம் சுடுகிறார்கள், முன்பு போலவே. கணவனை வதைக்கிறார்கள், முன்பு போலவே. எதையும் மாற்றாதவர்கள் என்பதால் ஊரை அவர்களிடமே ஒப்படையுங்கள்! ஏதென்ஸ் கண்டிராத புரட்சிக்கு, புரட்சியே செய்யாதவர்கள் நாங்கள் என்பதுதான் தகுதி. ஆட்சி கைக்கு வந்ததும் அவள் சொத்தையெல்லாம் பொதுவாக்கும் திட்டத்தை அவிழ்த்துவிடுகிறாள். இவ்வளவு பெரிய புதுவெட்டை மக்கள் ஏற்பார்களா என்று அவளுக்கே தயக்கம் வருகிறது. புதுவெட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம், பழையதை அலட்சியம் செய்வதுதான் நமக்குத் தலையாய கொள்கை என்று பதில் வருகிறது. அரங்கில் உட்கார்ந்திருந்த ஏதென்ஸ்காரர்கள் தங்களைப் பார்த்தே சிரித்திருப்பார்கள்.

நிஜ அரசியலும் இதிலிருந்து வெகுதூரம் இல்லை. கி.மு. 411இல் மக்களாட்சியைக் கலைத்து நானூறு பேர் கையில் அதிகாரத்தைக் கொடுத்தபோது, மக்களாட்சிக்கு அடித்தளம் போட்ட கிளைஸ்தெனிஸ் காலத்து முன்னோர் சட்டங்களைத் தேடிப்பாருங்கள் என்று ஒரு திருத்தம் சேர்க்கப்பட்டது. கி.மு. 404இல் வந்த முப்பதின்மர் ஆட்சியும் முன்னோர் வழி என்று சொல்லிக்கொண்டது. அவர்களை விரட்டி மீண்ட மக்களாட்சியும் அதையேதான் சொன்னது.

தெய்வங்கள் விஷயம் இன்னும் நுட்பமானது. பிளேட்டோவின் ‘குடியரசு’ எப்படித் தொடங்குகிறது என்று நினைவிருக்கிறதா? சாக்ரடீஸ் பிரேயஸுக்கு ஒரு திருவிழா பார்க்கப் போயிருக்கிறார். பென்டிஸ் என்ற திரேசிய நாட்டுத் தேவிக்கு அங்கே விழா. முதன்முறையாக நடப்பதால் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க ஆசைப்பட்டுப் போனாராம். திரும்பும் வழியில் நண்பர்கள் பிடித்துக்கொள்கிறார்கள்: மாலையில் குதிரைமேல் தீப்பந்த ஓட்டம் இருக்கிறது, தெரியுமா? ‘குதிரைமேலா? அது கைனோஸ் ஆயிற்றே!’ என்கிறார் சாக்ரடீஸ். தின்பண்டக் கடையைக் கண்ட குழந்தையின் குரல். கி.மு. 399இல் அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களில் ஒன்று, புதிய தெய்வீக சக்திகளை நகரத்துக்குள் கொண்டுவந்தார் என்பது. அங்கேயும் சொல் அதே ‘கைனோஸ்’தான். பென்டிஸ் அந்நிய தேவி. ஆனால் ஊர் ஏற்றுக்கொண்டு, ஊர்வலத்தோடு வந்தவள். மருத்துவக் கடவுள் அஸ்கிலிப்பியஸும் கி.மு. 420இல் அப்படி வந்தவரே. சாக்ரடீஸ் தனக்குக் கேட்பதாகச் சொன்ன தெய்வக்குரல் அவர் ஒருவர் காதில் மட்டும் கேட்டது. அதற்கு யாரும் வாக்களிக்கவில்லை.

புதியது என்ற ஒன்று உண்மையில் உண்டா என்றே சந்தேகப்பட்ட தத்துவவாதிகளும் இருந்தார்கள். இல்லாததிலிருந்து எதுவும் வராது என்று பார்மெனிடிஸ் அடித்துச் சொல்லிவிட்டார். அப்படியானால் கண்ணெதிரே புதிது புதிதாகத் தோன்றுகிறதே, அது என்ன? லூசிப்பஸும் டெமாக்ரிட்டஸும் அணுக்களை வைத்துப் பதில் சொன்னார்கள்: பழையவையே இடம் மாறிக் கூடுகின்றன. அதை விளக்க அரிஸ்டாட்டில் எழுத்துகளை உதாரணம் காட்டுகிறார். அவல நாடகமும் நகைச்சுவை நாடகமும் ஒரே எழுத்துகளால் ஆனவைதானே. நம் ‘வாசி’யைத் திருப்பினால் ‘சிவா’ ஆவது போல.

ஏதென்ஸ் குயவர்கள் இதைத் தத்துவம் படிக்காமலே செய்தார்கள். செம்மண் நிறப் பானையில் உருவங்களைக் கறுப்பாகத் தீட்டி, உள்விவரங்களைக் கூரிய முனையால் கீறுவது பழைய முறை. கி.மு. 525 வாக்கில் யாரோ அதைத் தலைகீழாக்கினார்கள். பின்புலம் கறுப்பு, உருவம் மண்ணின் நிறத்திலேயே விடப்பட்டது. அதே களிமண், அதே கறுப்புப் பூச்சு, அதே சூளை. கீறுவதற்குப் பதில் தூரிகையால் கோடு இழுக்க முடிந்ததால் தசையும் திரும்பிய உடலும் சட்டென்று உயிர் பெற்றன.

அந்தத் தலைமுறையைச் சேர்ந்த யூதிமிடிஸ் தீட்டிய ஜாடி ஒன்று இப்போது மியூனிக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் டிராய் வீரன் ஹெக்டர் கவசம் பூணுகிறான். மறுபக்கம் குடித்துவிட்டு ஆடும் மூன்று ஆண்கள். அவர்களில் ஒருவன் முதுகு தெரிய உடம்பை முறுக்கித் திரும்புகிறான், பழைய முறையில் எளிதில் காட்ட முடியாத கோணம். ஓரத்தில் யூதிமிடிஸ் ஒரு வரி எழுதிவைத்தார். புதியது என்று அதில் இல்லை. நேயோஸும் இல்லை, கைனோஸும் இல்லை. இருப்பது போட்டிக்காரர் பெயர்: ‘இப்படி ஒருநாளும் யூஃப்ரோனியோஸ்...’. வினைச்சொல்லைக்கூட எழுதாமல் விட்டுவிட்டார்.